பிளம் பெட்டிக்குள் ஸ்தாமென்காவின் குரல்

இந்தக் காலத்து ஜனங்கள் வாயில் சேனல் பேரைத் தவிர வேறொன்றும் வராது. ஒரு வீட்டுக்குப் போனால் காப்பி வரும் முன்னே போனை நீட்டுகிறார்கள். இதைப் பாரு, அதைப் பாரு என்கிறார்கள். நல்லா இருக்கியா என்று கேட்க ஆளில்லை. வுகோமானுக்கு இது அறவே ஆகாது. நாலாங் கிளாஸோடு படிப்பை விட்டு நாற்பது வருஷம் செங்கல் சூளையில் வெந்த மனுஷன். முகம் தெரியாதவன் பேச்சை நம்பிப் பழக்கமில்லை.

அப்பேர்ப்பட்டவர் இன்று மிலுங்காவின் சமையலறையில் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

பக்கத்து வீட்டு மிலுங்கா தபால்காரி. அக்கார்டியன் வாசிப்பாள். பாட்டு, பாட்டுக் கருவி, மெஷின் ரிப்பேர் என்று அவள் பார்க்காத சேனல் கிடையாது. பிடித்த சேனல்களை வரிசையாக எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாள். அதில் முதல் ஆள்தான் சொன்னான்: கீச்சிடுகிற பழைய டேப்பை ஐம்பது டிகிரிச் சூட்டில் எட்டு மணி நேரம் வை, மறுபடி பாடும்.

டேப் ஒன்றே ஒன்றுதான். வுகோமானின் மனைவி ஸ்தாமென்கா கல்யாணத்துக்கு முன் வானொலிப் போட்டியில் பாடியது. அவள் போய் எட்டு வருஷம். அவள் குரல் இந்த உலகத்தில் மிச்சமிருப்பது அந்த டேப் சக்கரத்தில் மட்டும். போன மாதம் மிலுங்காவின் டேப் மெஷினில் போட்டபோது பன்றிக்குட்டி மாதிரிக் கத்திவிட்டு நின்றுவிட்டது.

இப்போது அது பிளம் பழம் காயவைக்கும் பெட்டிக்குள் கிடந்தது. உள்ளே காற்றாடி உர்ரென்று ஓடியது.

"ஏம்மா, சூட்டுல வச்சா உருகாதா?"

"உருகாதுண்ணே. இவரை நாலு லட்சம் பேர் பாக்கறாங்க."

"நாலு லட்சம் பேர் பாத்தா சூடு குறையுமா?"

"உங்களோட முடியலையே! ஒரு வாய் ராக்கியா சாராயம் குடிங்க. கை நடுங்குது பாருங்க."

"நடுங்கல. குளிருது."

ஆகஸ்ட் மாதம் அது, நல்ல வெயில் காலம்.

நாற்பது நிமிஷம் போயிற்று. மிலுங்காவின் போனில் ஓடிய வீடியோ முடிந்து அடுத்தது தானாக ஓட ஆரம்பித்தது.

"இவரும் நல்லவர்தான். என் லிஸ்ட்ல மூணாவது. பேச்சு இழுவை, அதான் முழுசா பாக்கறதில்ல."

வழுக்கைத் தலையர் ஒருவர் டேப் சக்கரத்தை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "வெளிச்சம் ஊடுருவிச்சுன்னா இது பழைய ரகம். சூட்டுல வைக்கவே கூடாது. சுருண்டு நொறுங்கிடும். அப்புறம் யாராலயும் காப்பாத்த முடியாது."

மிலுங்காவின் கரண்டி தட்டில் விழுந்தது.

"நீ வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தியா?"

அவள் பெட்டியை நோக்கிப் பாய்ந்தாள்.

"தொடாத! வெந்ததைச் சட்டுனு வெளிய எடுத்தா விரிசல் விட்டுடும்." சூளை சொல்லிக்கொடுத்த ஒரே பாடம். சுவிட்சை அணைத்துவிட்டு நின்றார். பெட்டி ஆறுகிற வரை திறக்க விடவில்லை. உள்ளே ஏதோ படக்கென்றது. டேப்பா, தகரமா? இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

கடைசியில் எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தார். வெளிச்சம் உள்ளே புகுந்து தேன் நிறத்தில் மறுபக்கம் வந்தது. ஓரத்தில் ஓரிடம் அலைபோலத் தூக்கியிருந்தது. முன்னாடியே அப்படித்தானா? தெரியாது, யாரும் பார்த்து வைக்கவில்லை.

"மெஷின்ல போட்டுப் பாத்துடலாமாண்ணே?"

"மெஷின் பக்கமே போகாத."

பிஸ்கட் டப்பாவில் டேப்பை வைத்து மூடினார். வாசலில் செருப்பை மாட்டினார். மிலுங்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே பின்னால் வந்தாள்.

"மன்னிச்சுருங்கண்ணே. அந்த மூணாவது ஆளு சரியாத்தானே சொன்னாரு? இதைச் சரிபண்ண இருபது வீடியோ போட்டிருக்காரு. நம்பிப் பாக்கலாம். பேரு எழுதித் தரவா?"

"காலையில மொத ஆளையும் இப்படித்தான சொன்ன?"

டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குலுங்காமல், ஒவ்வொரு அடியாக வைத்து நடந்தார். வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து அவள் சேனல் பேரை உரக்கச் சொன்னாள். அவர் திரும்பவில்லை.