மாசி அமாவாசையில் படுத்திருந்தவள்

என் மனைவி காந்திமதி சிற்பி. கல்லிலோ வெண்கலத்திலோ செய்தால் ஊரில் மதிப்பிருந்திருக்கும். அவள் பழந்துணியில் செய்கிறாள். வல்லம், அனந்தபுரம் என்று வீடுவீடாகப் போய்க் கிழிந்த சேலை கேட்பவளை ஊர் என்னவென்று சொல்லும்? அந்தக் கடுப்பு எனக்கு எப்போதும் உண்டு.

போன வருடம் காய்ச்சலில் எங்கள் ஆர்த்தி போய்விட்டாள். ஏழு வயது. உறவுக்காரர்கள் அவள் துணிகளையெல்லாம் எரித்துவிட்டார்கள். அழுக்குக்கூடையில் கிடந்த மஞ்சள் கவுன் மட்டும் தப்பியது. காந்திமதி அதைத் துவைக்கவே இல்லை.

திண்டிவனத்தில் நடக்கவிருந்த ஒரு கண்காட்சிக்காக அவள் நாற்பதடி நீளத்தில் ஒரு சிறுமியைச் செய்தாள். உள்ளே வைக்கோல், மேலே ஊரார் துணி, முகத்துக்குச் சிவப்புச் சேலை. நெஞ்சில் அந்தக் கவுனை வைத்துத் தைத்தபோது எனக்குப் பொறுக்கவில்லை.

“இது ஒண்ணுதான் மிச்சம். பீரோவுல வெச்சிக்கினா இன்னா?”

“பீரோவுல வெச்சா நம்ப ரெண்டு பேருதான் பாப்போம். எல்லாரும் பாக்கட்டுங்க.”

லாரி மறுநாள் வருவதாக இருந்தது. சாலையோரம் எங்கள் நிலத்தில் உருவத்தை மல்லாக்கப் படுக்கவைத்திருந்தோம். அன்று மாசி அமாவாசை, மயானக்கொள்ளைத் திருவிழா என்பது எங்கள் இருவர் மண்டையிலும் உறைக்கவில்லை. மேல்மலையனூர் போகிற வேன்கள் வரிசையாக நின்றன. அந்தத் திருவிழாவுக்கு அம்மனை மண்ணில் மல்லாக்கப் படுத்த கோலத்தில்தான் செய்வார்கள். தரையில் அவ்வளவு பெரிதாக ஒரு பெண் உருவம் படுத்திருந்தால் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அது அம்மன்தான். குங்குமம் தூவினார்கள். தங்கள் நிலத்தில் விளைந்த மல்லாட்டையும் கேப்பையும் வாரி இறைத்தார்கள். அப்புறம் கொள்ளை தொடங்கியது. அம்மன் மேல் கிடந்ததை வீட்டுக்கு எடுத்துப்போனால் பிள்ளை பிறக்கும், நிலம் விளையும் என்று நம்பிக்கை. ஆளுக்கொரு துணியைப் பிய்த்தார்கள்.

“சாமி இல்லம்மா, பொம்மை! விடுங்க!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். பம்பைச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

காந்திமதி கத்தவில்லை. கூட்டத்துக்குள் பாய்ந்து அவளும் பிய்க்க ஆரம்பித்தாள். அவளையும் ஒரு பக்தை என்றுதான் நினைத்திருப்பார்கள். முழங்கையால் இடித்துத் தள்ளினார்கள்.

வேன்கள் போனபின் வைக்கோல்தான் மிஞ்சியது. அதன் நடுவில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு மஞ்சள் துணிக் கிழிசல்.

“மோந்து பாருங்க. பாப்பாதுதான?”

வாங்கி மோந்தேன். யார் வீட்டுப் பெட்டியிலோ கிடந்த பாச்சை உருண்டை வாசனை.

“அவளுதுதான்” என்றேன்.

அவள் அதைத் திரும்ப வாங்கி வெகுநேரம் மோந்தாள்.

“இன்னொரு தபா சொல்லுங்க.”

சொன்னேன்.