ஊறாத கண்ணுக்கு ஒரு சொட்டு

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில், ஸ்டோர் என்று சொல்லும் தேயிலை ஆலையில் குச்சி பொறுக்குகிறவள் அம்மாக்கண்ணு. காய்ந்த தேயிலையைத் தட்டில் பரப்பி, அதில் கிடக்கும் குச்சியையும் நாரையும் விரல் நுனியால் பிரித்தெடுக்க வேண்டும். கண் தெளிவாக இல்லாவிட்டால் அந்த வேலை ஓடாது. அதே ஸ்டோரில், தேயிலை காயவைக்கும் அடுப்புக்கு விறகு தள்ளுகிறவன் அவள் புருஷன் மூக்கன்.

அந்த வருஷம் தை பிறந்ததிலிருந்தே அவளுக்குக் கண் சரியில்லை. இமைக்குள் மணல் கிடந்து அறுப்பது போல இருந்தது. வெளிச்சம் பட்டால் எரிந்தது. விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தாள். பச்சைப்பிள்ளைக்காரி ஒருத்தியிடம் தாய்ப்பால் கேட்டு வாங்கி விட்டாள். தோட்டத்து மருந்தகத்தில் கொடுத்த மஞ்சள் களிம்பையும் பூசினாள். எதற்கும் அடங்கவில்லை. சிவப்பு ஏறியதுதான் மிச்சம்.

ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் ராக்காயி, தன் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"கோவிச்சுக்காத அம்மாக்கண்ணு. வீட்டுல சின்னப்புள்ள இருக்கு. கண்ணு நோவு ஒட்டிக்கிச்சுன்னா நான் என்னா செய்வேன்?"

அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் அந்த நீள பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தது அம்மாக்கண்ணுவுக்குப் பொறுக்கவில்லை. அழுகை வந்தது. கண்ணீர் மட்டும் வரவில்லை. கண் இன்னும் கூடுதலாக எரிந்தது. அவளுக்கே பயமாகிவிட்டது.

வேலை முடிந்து, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு நடக்கும்போது மூக்கனிடம் சொன்னாள். "என்னாங்க, எனக்குக் கண்ணு அவிஞ்சிரும் போல இருக்குங்க."

மூக்கன் பேச்சுக் குறைந்தவன். "நாளைக்கு நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றான்.

ஆஸ்பத்திரியில் கண் பார்த்தவர் நரை தட்டிய சிங்கள டாக்டர். மெல்லிய கீற்றாக வெட்டிய, ஈரம் உறிஞ்சும் ஒற்றுத்தாள் ஒன்றை அவளுடைய கீழிமைக்குள் மடித்துச் செருகி, கண்ணை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னார். கொஞ்சம் பொறுத்து உருவிப் பார்த்தார். தாள் போட்டபடியே காய்ந்து கிடந்தது. அவர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல, பக்கத்தில் நின்ற நர்ஸ் தமிழில் சொன்னாள்.

"பயப்படாத. கண்ணு போகாது. இது ஒட்டுற நோவும் இல்ல. எல்லாருக்கும் கண்ணுல எந்நேரமும் தண்ணி ஊறிக்கிட்டே இருக்கும். ஒனக்கு அது கொறஞ்சு போச்சு. ஸ்டோரு சூடும் தூசியும் இன்னும் காய வைக்குது."

"அழுது அழுது தீத்துட்டேனாங்க?"

நர்ஸ் அதை டாக்டரிடம் சொன்னாள். அவர் சிரித்துவிட்டு, இல்லையென்று தலையாட்டி, ஒரு சின்ன மருந்துப் போத்தலை எடுத்துக் கொடுத்தார். நர்ஸ் சொன்னாள்: "அழுறதால வத்தாதாம். இந்த மருந்து கண்ணுத் தண்ணி மாதிரியே செஞ்சது. ஊற வைக்காது, ஆனா கண்ண நனைச்சு வைக்கும். தெனமும் விடணும். கையக் கழுவிட்டு விடு. போத்தல் நுனி கண்ணுல படக்கூடாது."

முதல் சொட்டை நர்சே விட்டாள். அம்மாக்கண்ணு இமைத்தாள். குளுகுளுவென்று ஏதோ பரவியது. மறுபடி இமைத்தாள். மணலைக் காணோம். எதிரே தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்ற மூக்கனின் முகம் தெளிவாகத் தெரிந்தது. அவள் டாக்டரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

லயத்துக்கு வந்த பிறகுதான் சங்கடம். அவளாக விட்டால் சொட்டு கன்னத்தில் விழுந்தது, காதுக்குள் ஓடியது. கண்ணை நெருங்கும்போதே இமை மூடிக்கொண்டது. மருந்து வீணாகிறதே என்று அவள் தவித்தாள்.

மூக்கன் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் ஆறிய வெந்நீரைக் கரண்டியில் எடுத்து, அண்ணாந்து தன் கண்ணிலேயே சொட்டினான். மூக்கு, மீசை எல்லாம் நனைந்தது.

"என்னாங்க பண்றீங்க?"

"விட்டா எப்புடி இருக்கும்னு தெரிய வேணாமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவன் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினான். "கூரையப் பாரு புள்ள" என்றான். விறகு பிடித்துக் காய்த்துப்போன விரல், அவளுடைய கீழிமையைப் பூவிதழைத் தொடுவது போலக் கீழே இழுத்தது. சொட்டு சரியாக விழுந்தது.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் தன் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் வைத்துப் பார்த்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது. கண்ணை மூடியபடி, முனியாண்டி சாமியை நினைத்து மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டாள்.

ஸ்டோரிலும் தேத்தண்ணி நேரத்தில் மூக்கன் கையைக் கழுவிக்கொண்டு அவளுக்குப் பின்பக்கம் வந்து நிற்பான். பெண்கள் கேலி பண்ணினார்கள். "மூக்கண்ணே, எங்க கண்ணையும் கொஞ்சம் பாருங்க!" அவன் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

சிவப்பு இறங்கியது. ராக்காயி தட்டோடு திரும்பி வந்தாள்.

"ஒட்டாதுன்னு மூக்கண்ணன் சொன்னாரு. நான் அன்னைக்கு எந்திரிச்சுப் போயிருக்கக் கூடாது."

"விடுக்கா. புள்ள வச்சிருக்கவ பயப்படத்தான் செய்வா" என்று அம்மாக்கண்ணு நகர்ந்து இடம் விட்டாள். அதற்குப் பிறகு மூக்கனுக்கு வேறு நேரத்தில் வேலை விழுந்த நாட்களில், ராக்காயியே கையைக் கழுவிக்கொண்டு வந்து சொட்டு விட்டாள்.

போத்தல் தீர்ந்ததும் மறுபடி நுவரெலியாவுக்குப் போனார்கள். லயத்துக்குப் பின்னால் காய்த்த போஞ்சிக்காயை ஒரு பையில் கட்டி எடுத்துப் போயிருந்தாள். டாக்டருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அவள் பையை மேசைமேல் வைத்துவிட்டு, பாடம் பண்ணி வைத்திருந்த சிங்களத்தை ஒரே மூச்சில் சொன்னாள். "மஹத்தயா, மகே எஸ் தென் ஹொந்தாய்." ஐயா, என் கண் இப்போது நல்லாயிருக்கு.

டாக்டர் நிமிர்ந்து பார்த்து, "நல்லம், நல்லம்!" என்று தமிழில் சொல்லிச் சிரித்தார். மருந்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

"அவருக்கு ஒன்ன ஞாபகமே இல்ல போல" என்றான் மூக்கன், வெளியே வந்ததும்.

"எத்தன கண்ணப் பாக்குற மனுசன்! அவரு எங்கங்க ஞாபகம் வச்சிருப்பாரு? நாமதான் வச்சுக்கணும்" என்றாள் அம்மாக்கண்ணு.

புதுப் போத்தலை முந்தானையில் முடிந்துகொண்டு, பஸ் நிற்கும் பக்கமாக அவனோடு நடந்தாள்.