மோர் நேர்ச்சை

இந்தக் கோட்டின் முனையில் இருப்பவள் அம்மா. திரையில் இதைப் பார்ப்பது அவளைப் பார்ப்பது ஆகுமா? ஆகாது. அவளைக் கொன்றதைத்தான் பார்க்கிறேன். ஆனால் கடைசியில் அவள் உடம்பில் உயிரோடு மிஞ்சியிருந்ததும் இதுதானே.

லிடியா கணினியை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள். திண்டுக்கல்லில் அவள் வேலை பார்க்கும் பரிசோதனைக் கூடத்தில் சனிக்கிழமை மதியத்துக்கு மேல் யாரும் இருப்பதில்லை. போன மாதம் ஊரில் காலரா வந்தபோது எடுத்த மாதிரிகளிலிருந்து கிருமியை அவள்தான் வளர்த்தாள். அம்மா இஞ்ஞாசியம்மாளின் மாதிரியும் அவற்றில் ஒன்று. அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் வந்து மூடியைத் திறந்தாள். பச்சைத் தட்டில் மஞ்சள் மஞ்சளாகப் புள்ளிகள் எழுந்திருந்தன. அழகாகக்கூட இருந்தன. அப்படித் தோன்றியதற்காக அன்றைக்கு முழுவதும் தன்னையே வெறுத்துக்கொண்டிருந்தாள்.

சென்னைக்கு அனுப்பிய அதே மாதிரிகளின் மரபணு வரிசை நேற்றுத்தான் வந்தது. கிருமி பெருகும்போது தன்னைத் தானே படியெடுக்கிறது. எப்போதாவது ஓர் எழுத்து தவறுகிறது. அந்தத் தவறு அதற்குப் பின் வருகிற எல்லாவற்றுக்கும் சொத்தாகப் போய்ச் சேருகிறது. அதைக் கொண்டு எது முந்தியது, எது பிந்தியது என்று ஓரளவுக்குக் கோடு போட்டுச் சொல்லலாம்; திரையில் இருந்தது அந்தக் கோடுதான். கோவில் கிணற்றுத் தண்ணீரில் இருந்ததும் அம்மாவிடம் இருந்ததும் ஒன்றே. மில் வேலைக்கு வந்தவர்கள் தங்கும் லைன் வீட்டில் நோயில் படுத்த ஒடிசாக்காரக் குழந்தையிடமும் அதுவே இருந்தது, கூடுதலாக ஒரு தவறோடு. குழந்தைக்கு வந்தது பிந்தியது.

ஊரில் பேசிக்கொள்வது இதற்கு நேர்மாறு.

வாசலில் பைக் நின்றது. அண்ணன் ஸ்டீபன்ராஜ். நாளை அம்மாவுக்கு முப்பதாம் நாள் பூசை. அவளை அழைத்துப் போக வந்திருந்தான்.

"ஏம்மா, டீ குடிச்சுட்டுக் கெளம்புவோமா?"

எதிர்க் கடையில் பீர் முகமது வழக்கம்போல முதலில் தண்ணீர் தம்ளரைக் கொண்டுவந்து வைத்தார். ஸ்டீபன் அதை ஒரு விரலால் தள்ளிவைத்தான்.

"பயப்படாமக் குடிங்க மாப்ள. நம்ம கடைத் தண்ணி கொதிச்சுக் கொதிச்சு அதுவே செத்துப்போச்சு."

"இருக்கட்டும் பாய். டீ மட்டும் குடுங்க."

அவர் நகர்ந்ததும் அவன் குரலைத் தாழ்த்தினான். "நாளைக்குப் பூசை முடிஞ்சதும் கூட்டம் போட்டிருக்காய்ங்க. மில்லு மேனேஜரும் வாராரு. லைன் வீட்டுக்காரய்ங்களக் காலி பண்ணச் சொல்லப்போறோம். நீ எந்திரிச்சு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"என்னன்னு?"

"அவய்ங்கதான் கொண்டாந்தாய்ங்கன்னு. நீ லேப்புல இருக்கவ. நீ சொன்னா எவன் மறுத்துப் பேசுவான்?"

"அம்மாவுக்கு அப்புறமாத்தாண்ணே அந்தப் புள்ளைக்கு வந்துச்சு."

"வெவரம் பேசாத. ஊரு என்ன பேசுதுன்னு ஒனக்குத் தெரியாது. இஞ்ஞாசி மோரக் குடிச்சுத்தான் அம்புட்டுப் பேரும் படுத்தாய்ங்கன்னு ஜாடை பேசுறாளுக. குழி மண்ணு இன்னும் எறங்கல. அதுக்குள்ள அம்மா பேரு நாறுது."

மோர், செபஸ்தியார் திருவிழாவுக்கு அம்மாவின் நேர்ச்சை. சப்பரம் சுற்றி வருகிறவர்களுக்கு வருடா வருடம் அண்டா நிறைய நீர்மோர் கொடுப்பாள். லிடியாவுக்கு ஒரு பிள்ளை வேண்டும் என்று நேர்ந்துகொண்டது. லிடியா அதைக் கேட்டதில்லை, வேண்டாமென்றும் சொன்னதில்லை.

இந்த முறை திருவிழாக் கூட்டத்துக்காக மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கூடுதலாகப் போட்டிருந்தார்கள். அம்மா ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "மருந்து நாத்தம் அடிக்கிற தண்ணியிலயா நேர்ச்சை மோரு? செபஸ்தியாரு மொகத்தச் சுளிப்பாரு" என்று கொட்டிவிட்டு, கோவில் பின்னால் இருக்கும் கிணற்றில் இறைத்து வந்தாளாம். அதற்கு முந்தின வாரம் பெய்த மழையில் பக்கத்துச் சாக்கடை உடைந்து கிணற்றுக்குள் கசிந்தது யாருக்கும் தெரியாது.

எந்தக் காலத்திலோ ஊரில் பாதி பேதியில் போனபோது கட்டிய கோவில் அது. அந்தக் காலரா இப்போது இல்லை. அதன் இடத்தை இன்னொரு வகை பிடித்துக்கொண்டது. அதுவும் ஆதியில் கழிமுகத்து உப்புத் தண்ணீரில் யாருக்கும் தொந்தரவில்லாமல் மிதந்துகொண்டிருந்ததுதான். அதனுடைய நஞ்சுகூட ஒரு வைரஸ் கொண்டுவந்து கொடுத்தது. யார் கொண்டுவந்தார்கள் என்று கேட்டுக்கொண்டே போனால் எங்கே போய் நிற்பது? கிணற்றில் முதலில் கலந்தது யாருடைய கழிவு என்று அவளுக்கே தெரியாது. எந்தக் கோடும் அதைக் காட்டவில்லை.

"அண்ணே, லைன் வீட்டுக்கு மோரு போச்சா?"

அவன் டீயை ஊதினான். ஆறிப்போன டீயை.

"போச்சான்னேன்."

"அம்மாதான் சொல்லுச்சு. 'அதுகளும் நம்ம புள்ளைக மாதிரி, வெயில்ல கெடக்குதுக, ஒரு கேன் குடுத்துட்டு வாடா'ன்னு." டீயைக் கீழே வைத்துவிட்டு, "நாந்தான் பைக்ல வச்சுக் கொண்டுபோனேன். அந்தப் புள்ள ஓடியாந்து கேனத் தொட்டுப் பாத்துச் சிரிச்சுச்சு, ஜில்லுன்னு இருக்குன்னு" என்றான்.

அவன் கண் கலங்கியது. அவளால் அவன் கையைத் தொட முடியவில்லை. அம்மாவின் இரக்கம் அந்தக் கேனில் போயிருக்கிறது. எனக்கு ஒரு பிள்ளை கேட்டு வைத்த மோர், இன்னொருத்தி பிள்ளையின் வாயில். அந்தக் குழந்தை பிழைத்துக்கொண்டது. அம்மா இருந்தால் அதற்கும் ஒரு நேர்ச்சை வைத்திருப்பாள்.

ஸ்டீபன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "சரி. இது நம்ம ரெண்டு பேத்தோட இருக்கட்டும். அவய்ங்களுக்கு என்ன, இந்த மில்லு இல்லேன்னா வேடசந்தூர்ல ஒரு மில்லு. அம்மாவுக்கு வேற பேரு கெடைக்குமா? ஒரே ஒரு வார்த்தைம்மா. அம்மாவுக்காக."

அந்த வார்த்தை எவ்வளவு சின்னது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. சொன்னால் யாரும் சரிபார்க்க மாட்டார்கள். அம்மாவின் கல்லறையில் பூ காயாது. அந்த ஒடிசாக்காரப் பெண் மெலிந்த குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவாள்.

அண்ணன் தள்ளிவைத்திருந்த தம்ளரை லிடியா எடுத்துத் தண்ணீரைக் குடித்தாள்.

"பூசைக்கு வாரேண்ணே. மெழுகுவத்தி நானே ஏத்துறேன்" என்றாள். "அத மட்டும் சொல்ல மாட்டேன்."