படத்துக்குத்தான்

கடைக்கு யார் வந்தாலும் நான் கேட்பது ஒரே கேள்விதான்: “பாட்டுக்கா, படத்துக்கா?” பாட்டுக்கு என்றால் கீழ்ச்சுரங்களைக் கொண்டுவரும் சப்வூஃபரில் மூடிய பெட்டி, ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக விழும். படத்துக்கு என்றால் துளை வைத்த பெரிய பெட்டி. சுரம் கொஞ்சம் குழம்பும், ஆனால் குண்டு வெடித்தால் ஜன்னல் ஆடும். பதினைந்து வருடமாக இந்தக் கேள்வியை வைத்தே பிழைக்கிறேன். ஆளைப் பார்த்தே எடைபோட்டுவிடுவேன் என்ற திமிர் வேறு.

அந்தத் தையல்காரர் கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார். கேட்டேன். சற்று யோசித்தார்.

“படத்துக்குத்தான், தம்பி.”

“அப்ப பெருசாவே போட்டுரலாம். வீட்டையே தூக்கிரும்.”

“அவ்வளவு வேணுமா?”

“படத்துக்குன்னு வந்துட்டு கஞ்சத்தனம் பண்ணாதீங்கய்யா.”

ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் எங்கே பேசவிட்டேன்?

மறுநாள் மதியம் அவர் வீட்டுக்கூடத்தில் பெட்டியையும் அதோடு சேர்ந்த ஸ்பீக்கர்களையும் வைத்தேன். டிவி இல்லை. இனிமேல்தான் வாங்குவார்கள் போல என்று நானே முடிவுகட்டினேன். சோதித்துக் காட்ட என் போனில் எப்போதும் ஒரு வெடிக்காட்சி இருக்கும். சத்தத்தை ஏற்றிப் போட்டேன்.

தரை அதிர்ந்தது. சமையலறையில் பாத்திரம் விழுந்தது. அவர் மனைவி செருப்புகூடப் போடாமல், “டேய் கண்ணா, வெளிய வாடா” என்று கத்திக்கொண்டே தெருவுக்கு ஓடினார்.

அந்த அம்மாவைப் பிடித்துவந்து உள்ளறையில் படுக்கவைத்த பிறகுதான் சுவரைப் பார்த்தேன். கிட்டாரோடு சிரிக்கும் ஒரு இளைஞனின் படம்.

“எம்பையன் வேலை பார்த்த எடத்துல பாய்லர் வெடிச்சப்போ இங்க வரைக்கும் கேட்டுச்சு. இதே சத்தம்,” என்றார் தையல்காரர். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். “பேஸ் கிட்டார் வாசிப்பான். கூட்டாளிங்களோட வாசிச்ச ரெக்கார்டிங் இருக்கு. போன்ல போட்டா மத்தவங்க எல்லாரும் வர்றாங்க, இவன் மட்டும் வரமாட்டேங்கிறான். சின்ன ஸ்பீக்கர்ல அது கேக்காதாம். அதான், படத்துக்குக் கீழ வச்சு அவங்கம்மா ஒரு தடவ கேக்கட்டும்னு...”

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. படம் என்றால் சினிமாதான் என்று எந்த மடையன் சொன்னான்?

சாயங்காலமே மூடிய பெட்டியோடு போனேன். ரெக்கார்டிங்கைப் போட்டோம். பையன் வந்தான். ஒவ்வொரு சுரமும் தெளிவாக, அவசரமே இல்லாமல். தையல்காரர் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டு அசையாமல் நின்றார். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. சத்தம் கேட்டதும் அதற்குப் பின்னால் அந்த அம்மா அலறத் தொடங்கினார்.

“கொஞ்சம் குறைங்க தம்பி.”

குறைத்தேன். அலறல் நிற்கவில்லை.

“இன்னும் கொஞ்சம்.”

சத்தத்தைக் குறைத்தால் காதுக்கு முதலில் எட்டாமல் போவது பேஸின் கீழ்ச்சுரம்தான். இது என் தொழில், எனக்குத் தெரியும். அவரிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. இன்னும் குறைத்தேன். உள்ளே அழுகை அடங்கியது. ஸ்பீக்கர்களிலிருந்து கூட்டாளிகள் மட்டும் மெல்லப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

அவர் என் பக்கம் திரும்பினார்.

“வாசிக்கிறத நிறுத்திட்டானா, தம்பி?”