மூடிக் கிடந்த வால்வு

சாரல் பிடித்துவிட்டால் குற்றாலத்தில் துணி காயாது. கொடியில் போட்ட துண்டு மூன்றாம் நாளும் சொதசொதவென்று கிடக்கும், கூடவே ஒரு முடை நாற்றமும் சேர்ந்துகொள்ளும். இலஞ்சி ரோட்டில் வீடு கட்டியபோது சந்தானகிருஷ்ணன் குளியலறைச் சுவரில் சூட்டுக் கம்பி வைத்தே ஆகவேண்டும் என்று நின்றது அதனால்தான். பார்க்க ஒரு சின்ன ஏணியைச் சுவரில் அறைந்த மாதிரி இருக்கும். மாடியில் இருக்கும் வெந்நீர்த் தொட்டியிலிருந்து ஒரு பம்பு வெந்நீரை அதன் குழாய்களுக்குள் சுற்றவிடும். மேலே துண்டைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். புனேயில் வேலை பார்த்த காலத்தில் ஏதோ ஒரு ஓட்டலில் பார்த்து ஆசைப்பட்டது. மனைவி நீலாவுக்கு முதலில் அது வெட்டிச் செலவாகத்தான் பட்டது. ஒரு சீசன் கழிந்ததும் அது இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது.

இந்த வருஷம் ஆனி பிறந்த கையோடு கம்பி சூடேறாமல் போயிற்று. தென்காசியில் கடை வைத்திருக்கும் பிளம்பர் பாண்டியராஜை நீலா கூப்பிட்டாள். வீடு கட்டும்போது குழாய் வேலையெல்லாம் செய்தவன் அவன்தான். வந்து கம்பியின் மேல்முனையில் இருந்த திருகை லேசாகத் தளர்த்தினான். உஸ்ஸென்று காற்று வெளியேறி, பிறகு தண்ணீர் துளிர்த்தது.

“காத்து அடைச்சிருக்கும்மா. அதான் வெந்நி மேல ஏறல. இனி சூடு நல்லா நிக்கும்,” என்றான்.

நின்றது. முன்னைவிட அதிகமாகவே சுட்டது. ஆனால் அந்த வாரம் முடிவதற்குள் மறுபடியும் கம்பி சில்லென்று கிடந்தது.

இரண்டாம் தடவை வந்தவன் காற்றைப் பார்த்தான், பம்பைப் பார்த்தான், கடைசியில் குனிந்து கம்பிக்கு அடியில் இருந்த வால்வைத் திருப்பினான். குழாய்க்குள் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

“வால்வு மூடிக் கெடக்கும்மா. யாரும் திருப்புனீங்களா?”

“யார் திருப்பப் போறா? வீட்ல இருக்கறது நாங்க ரெண்டு பேர். பொண்ணு சஹானாவும் பெங்களூர்ல.”

அவன் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினான். அந்தக் கேள்விதான் நீலாவை உறுத்தியது. தானாக மூடிக்கொள்ளுகிற வால்வு உண்டா? அவளும் மூடவில்லை. அவரோ பல்பு மாற்றக்கூட ஆள் கூப்பிடுகிறவர். பாத்திரம் தேய்த்து வீடு துடைக்க வரும் குழல்வாய்மொழி குளியலறையைக் கழுவுவாள். அவள் எதற்கு அதைத் தொடப் போகிறாள்? மிஞ்சியது வந்து போனவன் ஒருவன்தான்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பரமேஸ்வரனிடம் மதில் ஓரமாக நின்று இதைச் சொன்னாள். கூட்டுறவு வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர்.

“நான் சொல்லுதேன்னு நெனைக்காதீங்க மாமி,” என்றார் அவர். “ஒரு ரிப்பேர் பாத்துட்டு இன்னொண்ண வச்சிட்டுப் போறதுதான் இவனுவ பொழப்பு. அடுத்து பம்பு போச்சும்பான், பாருங்க.”

சந்தேகம் என்பது ஒரு தடவை உள்ளே வந்துவிட்டால் அதற்கு எல்லாமே தீனிதான். அவன் போகும்போது முகத்தைப் பார்க்காமல் போனது, குளியலறையில் தனியாக நின்றது எல்லாம் நீலாவுக்கு இப்போது வேறு மாதிரி தெரிந்தது. இரண்டு நாளில் கம்பி மூன்றாம் முறையாக ஆறியபோது அவள் அதை எதிர்பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இந்தத் தடவை பாண்டியராஜ் வேலை செய்யும்போது குளியலறை வாசலிலேயே நின்றாள். பரமேஸ்வரனும் ஏதோ கேட்க வந்தவர்போல வந்து கூடத்தில் நின்றார். உள்ளறையில் சந்தானகிருஷ்ணன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“இதுவும் வால்வுதாம்மா,” என்றான் பாண்டியராஜ். “யாரோ நல்லா இறுக்கி மூடியிருக்காங்க.”

“யாரோ என்ன யாரோ? போகும்போது நீயே மூடிட்டுப் போயிட்டு, வந்து நீயே திறக்கற. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?”

அவன் குனிந்தபடியே வால்வை முழுவதும் திறந்து, கம்பியில் சூடு ஏறுகிறதா என்று தொட்டுப் பார்த்து, எழுந்தான்.

“எங்க ஊர்ல சாவு விழுந்தாக்கூட உங்க வீட்டு வேலைன்னா வருவேன். அப்படித்தான் இந்த வீட்ட நெனச்சுட்டு இருந்தேன். இனிமே என்னக் கூப்பிடாதீங்கம்மா.”

பரமேஸ்வரன் உதட்டைப் பிதுக்கினார். அவன் வண்டி தெருமுனை தாண்டுகிற சத்தம் கேட்கும்வரை உள்ளறையில் பேப்பர் புரளவில்லை.

அவன் அப்படிச் சொல்லிவிட்டுப் போனது நீலாவுக்குள் முள்ளாகக் கிடந்தது. தன் பக்கம்தான் நியாயம் என்று உறுதி செய்துகொள்ள அவளுக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டில் ஒன்றை எடுத்து, பாதி வால்வின் பிடியிலும் பாதி அதன் அடியிலுமாக ஒட்டினாள். பிடியை யார் திருப்பினாலும் பொட்டு கிழியும். இனி அவன் வரப்போவதில்லை. கம்பி சூடாகவே இருந்தால் அவன்தான் என்று நிரூபணமாகிவிடும். குழல்வாய்மொழியும் நரசிம்மர் கோவிலுக்கென்று கீழப்பாவூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள்.

மறுநாள் காலை சந்தானகிருஷ்ணன் குளித்துவிட்டு வந்தார். சிறிது நேரம் கழித்து நீலா உள்ளே போனாள். கம்பியைத் தொட்டாள். குளிர்ந்திருந்தது. குனிந்து பார்த்தாள். பொட்டு இரண்டாகக் கிழிந்து, ஒரு பாதி பிடியோடு அந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

அவள் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவரிடம் கோபப்பட்டிருக்கிறாள், சலித்துக்கொண்டிருக்கிறாள், ஆனால் சந்தேகப்பட்டதில்லை. இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. மூன்று தடவை கம்பி ஆறியபோதும் அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தினமும் ஐந்தருவிக்குப் போகிறவர் பத்து நாளாகப் போகவில்லை. வீட்டுக்குள் சாக்ஸ் போட்டுக்கொண்டு நடக்கிறார். கேட்டதற்கு, “தரை ஜில்லுனு இருக்கு,” என்றார். சாக்ஸைத் தானே துவைக்கவும் செய்கிறார்.

காப்பி கொடுக்கும்போது சாதாரணமாகக் கேட்டாள்.

“ஏன்னா, அந்த வால்வை நீங்க தொட்டேளா?”

“எந்த வால்வு?” என்றார் அவர், டம்ளரைப் பார்த்துக்கொண்டே.

மத்தியானம் அவர் அசந்து தூங்கியபோது நீலா கட்டிலின் கால்மாட்டில் போய் உட்கார்ந்தாள். வலது கால் சாக்ஸை மெதுவாகக் கழற்றினாள். அவருக்குத் தெரியவே இல்லை. உள்ளே பஞ்சு. பஞ்சை எடுத்ததும் நாற்றம் வந்தது. பெருவிரலுக்குக் கீழே தோல் உரிந்து, குழிவிழுந்து, ஓரமெல்லாம் கறுத்திருந்தது. அவள் விரலால் பக்கத்தில் அழுத்தினாள். அவர் புரண்டுகூடப் படுக்கவில்லை.

“என்னன்னா இது?” என்று அவள் தோளைத் தொட்டு எழுப்பியபோதுதான் விழித்தார். காலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மறைக்க இனி ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் முகம் தொய்ந்துபோயிற்று.

முதல் தடவை பாண்டியராஜ் காற்றை எடுத்துவிட்டுப் போன மறுநாள் நடந்தது அது. அருவியிலிருந்து நனைந்து வந்தவர் ஸ்டூலில் உட்கார்ந்து, காலை அடிக்கம்பியில் வைத்துக்கொண்டு தலை துவட்டியிருக்கிறார். சுடவில்லை. இதமாகக்கூட இல்லை. எடுத்துப் பார்த்தபோது பெருவிரலுக்குக் கீழே பெரிய கொப்புளம்.

“சுடறதே தெரியலை நீலா. அதான் பயந்துட்டேன். குளிக்கும்போது வழுக்கி மறுபடி அதுல கால் பட்டாலும் தெரியாதே. அதனால மூடி வச்சேன்.”

“என்கிட்ட சொல்றதுக்கு என்ன?”

“சர்க்கரை ஏறினா பெங்களூருக்கு வந்துடணும்னு சஹானா போன தடவையே கண்டிஷன் போட்டுட்டா. நீயும் அவ பக்கம்தான் பேசின. அங்க போய் ஏழாவது மாடில உக்காந்துண்டு நான் என்ன பண்ணுவேன்?”

நீலாவுக்கு அழுகை வரவில்லை. அதைவிடக் கசப்பாக ஒன்று வந்தது.

“அந்தப் பையனை நான் அப்படிப் பேசினபோது உள்ள உக்காந்து கேட்டுண்டுதானே இருந்தேள்?”

அவர் கழற்றிக் கிடந்த சாக்ஸை எடுத்துச் சுருட்டினார்.

அன்றே அவரைத் தென்காசியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். டாக்டர் செத்த தோலையெல்லாம் வெட்டி எடுத்தார். வெட்டும்போதும் வலிக்கவில்லை என்பதுதான் சந்தானகிருஷ்ணனுக்கே பெரிய பயமாக இருந்தது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் விரலே போயிருக்கும் என்றார் டாக்டர். மகள் சஹானா பெங்களூரிலிருந்து ஓடிவந்து சண்டை போட்டாள், அழுதாள். கடைசியில், தினமும் அம்மாவிடம் காலைக் காட்டவேண்டும் என்ற உடன்படிக்கையோடு ஊருக்குத் திரும்பினாள்.

புண் ஆறத் தொடங்கியதும் நீலா பாண்டியராஜின் கடைக்குப் போனாள். அவன் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். அவள் உட்காராமலே நடந்ததைச் சொல்லி, “தப்பு என் பேர்லதான்,” என்றாள்.

“சாருக்கு இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்டான் முதலில். பிறகு, “நீங்க வந்து சொல்லிட்டீங்க, சரிம்மா. ஆனா பரமேஸ்வரன் அண்ணாச்சி உங்க தெருவு பூரா சொல்லிட்டாரே. பேசி வச்சிருந்த ரெண்டு வீட்டு வேலை வேற ஆளுக்குப் போயிட்டு.”

வீட்டுக்கு வந்து கணவரிடம் அதை அப்படியே சொன்னாள். மறுநாள் காலை சந்தானகிருஷ்ணன், கட்டுப் போட்ட காலில் பெரிய செருப்பை மாட்டிக்கொண்டு, குடையை ஊன்றியபடி கிளம்பினார். நீலா கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றார். முதலில் பரமேஸ்வரன் வீடு. அப்புறம் எதிர்வீடு, கடைசி வீடு. சாரலில் நின்று நின்று போவதை அவள் வாசலிலிருந்து பார்த்தாள். ஒவ்வொரு வீட்டிலும் காலைக் காட்டித்தான் சொன்னாராம். பரமேஸ்வரன் மட்டும், “நான் பொதுவாத்தானே சொன்னேன்,” என்றாராம்.

பாண்டியராஜ் அடுத்த வாரம் வந்தான். கூப்பிட்டது சந்தானகிருஷ்ணன். கம்பியைக் கழற்றித் தோள் உயரத்தில் மாட்டி, மாடித் தொட்டியின் சூட்டையும் குறைத்துவைத்தான். அவர் பக்கத்திலேயே நின்று ஏதேதோ பேசப் பார்த்தார். அவன் மரியாதையாக, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். நீலா கொண்டுவந்த காப்பியையும் வாங்கிக் குடித்தான்.

கிளம்பும்முன் வால்வைத் திறந்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து அதை ஒரு போட்டோ பிடித்துக்கொண்டான்.

“இப்ப எல்லா வீட்லயும் எடுத்துக்கிடுதேன்மா,” என்றான்.

நீலா தலையாட்டினாள். அவன் போனதும், கம்பியில் கிடந்த துண்டு வெதுவெதுப்பாகிவிட்டதா என்று தொட்டுப் பார்க்க அவளுக்கு வெகுநேரம் மனம் வரவில்லை.