ஒரு விரல் இடைவெளி

பல் மருத்துவமனையின் பின்னறையில் பல் செட் செய்கிற தங்கைக்கு நாற்பத்தாறு வயது முடிந்து பதினொரு நாள் ஆகியிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், அவள் உட்கார்ந்த நாற்காலி முதல் முறையாக நகராமல் இருந்தது. அதுவரை அவள் உட்காரப் போனால் எந்த நாற்காலியும் ஒரு சாண் பின்னால் தள்ளிப் போய்விடும். மர நாற்காலி, பிளாஸ்டிக் நாற்காலி, பேருந்து இருக்கை, பூங்காவில் சிமெண்டு போட்டுப் பதித்த பெஞ்சு, எல்லாம் ஒன்றுதான். பெஞ்சு நகரும்போது அதில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர்களும் சேர்ந்து நகர்வார்கள். பழகியவர்கள் செய்தித்தாளைக்கூட மடிப்பதில்லை. சிலருக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது, சிலருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, இவளுக்கு நாற்காலி என்று தெரு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நின்றுகொண்டே படித்தாள், நின்றுகொண்டே பரீட்சை எழுதினாள், இருபத்திரண்டு வருடமாக நின்றுகொண்டே பல் ராவினாள். பல்லின் வெள்ளையில் பதினாறு சாயல் உண்டு என்று கம்பெனி கொடுத்த அட்டை சொல்லும். அவள் இருபத்து மூன்று என்பாள், அதுதான் சரியாக இருக்கும். ஊரில் பாதி வாய்களில் சிரிப்பது அவள் கைவேலை. அந்த வாய்கள் அவளிடம் பேசியது மட்டும் குறைவு. நிற்கிறவளிடம் நாமும் நின்றுகொண்டு எவ்வளவு நேரம்தான் பேசுவது.

வயிறு எரிந்தது அக்காவுக்கு. அக்காவுக்கு ஐம்பத்தொன்று, அதே மருத்துவமனையின் முன்மேஜை அவளுடையது, அதனால் தெருவுக்கு அவள் ‘ரிசப்ஷன்’. முதுகு நேராக, முழங்கால் சேர்த்து, தலை லேசாகச் சாய்த்து அவள் உட்காரும் அழகைப் பார்த்துப் பல்வலியே பாதி குறைந்தது என்று சொன்னவர்கள் உண்டு. பெண்ணைப் பெற்றவர்கள் ‘ரிசப்ஷன் மாதிரி உட்காரக் கத்துக்கோ’ என்று வீட்டில் இடிப்பார்கள். யாருக்கும் தெரியாத விஷயம், ரிசப்ஷன் ஐந்து வயதுக்குப் பிறகு ஒரு நாற்காலியிலும் உட்கார்ந்ததில்லை என்பது. அவளுக்கும் நாற்காலி நகரும். ஐந்து வயதில், தங்கை பிறந்த வாரம், குழந்தையைப் பார்க்க வீடு நிறைய ஆட்கள் வந்திருந்தபோது, ‘நாலு பேர் பார்க்கிறாங்க, ஒழுங்கா உட்காரு’ என்று அம்மா பல்லைக் கடித்துச் சொன்னாள். ஐந்து வயதுக்காரி ஒழுங்காக உட்கார்ந்தாள், காற்றில். தொடையை இறுக்கி, குதிகாலை ஊன்றி, நாற்காலிக்கு ஒரு விரல் மேலே தன்னை நிறுத்திக்கொண்டால், தொடாத வரைக்கும் நாற்காலியும் நகராது என்று அன்று கண்டுபிடித்தாள். அப்படியே நாற்பத்தாறு வருடம் ஓடிவிட்டது. அவளுடைய கெண்டைக்கால் கல்லாக இருப்பது ஏன் என்று குளிர்பதனப் பெட்டி பழுது பார்க்கிற அவள் கணவருக்கு இருபத்தேழு வருடத்தில் தோன்றியதில்லை. மாதம் மூன்று புட்டி முழங்கால் தைலம் வாங்குகிறாளே என்று மருந்துக்கடைக்காரருக்கு மட்டும் ஒரு சந்தேகம் உண்டு. அவர் அதைப் படிக்கட்டின் தலையில் போட்டார்.

தங்கைக்குத் தன் விஷயம் தெரிய வந்தது ஒரு சிறுமியால். கடைவாய்ப்பல்லில் சொத்தையோடு வந்த ஆறு வயதுப் பெண் பல் டாக்டரின் சாய்வு நாற்காலியில் ஏறப் போனாள். தரையில் நாலு போல்ட் போட்டு முடுக்கிய நாற்காலி, போல்ட்டோடு ஒரு சாண் நகர்ந்தது. சிறுமியின் அம்மா அசரவில்லை. இவளுக்கு ஆட்டிசம், அவளாக ஒரு விதமாக ஏறிக்கொள்வாள், கொஞ்சம் விடுங்கள் என்றாள். சிறுமி குப்புறப் படுத்து, தலையை மட்டும் விளிம்புக்கு வெளியே நீட்டி வாயைத் திறந்தாள். நாற்காலி நின்றது. பின்னறைக் கதவிடுக்கில் இதைப் பார்த்துக்கொண்டிருந்த தங்கை, கையில் இருந்த வெட்டுப்பல்லைத் தேவைக்கு மேல் ராவிவிட்டாள். அவள் வாழ்க்கையில் கெடுத்த ஒரே பல் அதுதான்.

சிறுமியின் அம்மாவிடம் விசாரித்து, மறுவாரமே ஆட்டிசம் பார்க்கிற டாக்டரிடம் போனாள். மூன்று தடவை போனாள். டாக்டர் முதலில் மணிக்கணக்காகக் கேள்வி கேட்டார், அப்புறம் எழுதினார், கடைசித் தடவை இவளுக்கும் ஆட்டிசம்தான் என்ற அறிக்கையைக் கையில் கொடுத்துவிட்டு, ‘உங்களுக்கு எப்படி உட்காரணும்?’ என்றார். நாற்பத்தாறு வருடத்தில் அவளை யாரும் கேட்டிராத கேள்வி. அவள் நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பினாள், ஒரு காலை மடித்து அடியில் வைத்தாள், மற்ற முழங்காலைக் கட்டிக்கொண்டாள். உட்கார்ந்தாள். செவ்வாய்க்கிழமை மதியம் நடந்தது இவ்வளவுதான்.

அதன் பிறகு தெரு அடித்த கூத்துதான் அக்காவுக்குத் தாங்கவில்லை. தையல்காரி தன் சுழல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து ‘இதுல ஒரு தடவ உக்காரு’ என்றாள். பள்ளிக்கூடக் காவலாளி முக்காலி கொண்டு வந்தார். அக்கா வீட்டு மாடியில்தான் தங்கைக்கு அறை; அங்கே அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க, அவள் முதுகோடு பேசுவதற்குப் படிக்கட்டு வரைக்கும் ஆள் நின்றது. முதுகோடு பேசினால் அவள் எவ்வளவு பேசுகிறாள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. போதாததற்கு, மாதத்தில் இரண்டு சனிக்கிழமை நூலகத்து மாடியில் அவளைப் போன்றவர்கள் பதினொரு பேர் கூடுகிறார்களாம். ஒருவர் மேஜைக்கு அடியில், ஒருத்தி ஜன்னல் விளிம்பில், இரண்டு பேர் முதுகோடு முதுகு. தங்கை அங்கே போய்த் தொண்டை கட்டித் திரும்புவாள். ஒரு சிநேகிதி இல்லாமல் வளர்ந்தவளுக்கு மொத்தமாகப் பதினொன்று. அக்காவுக்கு ஊரெல்லாம் தெரிந்த முகம். தெரிந்த முகங்களுக்கு முன்னால்தான் தொடை அதிகமாக வலிக்கும். அவளை நிற்க விட்டார்கள், என்னைத்தானே உட்கார வைத்தார்கள் என்று அவள் மனம் கணத்துக்குக் கணம் குத்திக் காட்டியது. பாடுபட்டு மறைத்தவளுக்குத் தைலம், ஒரு பாடும் படாமல் நின்றவளுக்கு நாற்காலி. அவள் பாடுபடவில்லை என்று எப்படித் தெரியும் என்று அக்கா தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. பொறாமைக்கு விசாரணை பிடிக்காது.

இரவுச் சாப்பாட்டின்போது கணவர் வேறு, உன் தங்கச்சி முகத்தில் இப்போதுதான் ஒரு களை என்று சொல்லிவைத்தார். அக்கா அவர் தட்டில் குழம்பை ஊற்றவில்லை, கவிழ்த்தாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை தங்கை குளிக்கப் போன நேரம், அக்கா மாடிக்குப் போய் பிஸ்கட் டப்பாவில் இருந்த அறிக்கையை எடுத்து, எட்டாக மடித்து, ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். எல்லாம் அந்தக் காகிதத்தின் மகிமை என்பது அவள் முடிவு. முன்மேஜைக்கு வந்தாள். எதிரே ஒன்பது நோயாளிகள். முதுகை நேராக்கி, முழங்காலைச் சேர்த்து, தலையை லேசாகச் சாய்த்து, நாற்பத்தாறு வருடத்தில் முதல் முறையாகத் தொடையைத் தளர்த்தினாள். நாற்காலி ஒரு சாண் போனது. ரிசப்ஷன் பொத்தென்று தரையில் விழுந்தாள். மேஜைக்கு மேலே அவள் கொண்டை மட்டும் தெரிந்தது. ஒன்பது பேரும் வீங்கிய கன்னத்தைப் பிடித்தபடி எழுந்து நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை, சிரித்தால் வலிக்கும்.

சத்தம் கேட்டுத் தங்கை கையெல்லாம் வெள்ளைத் தூளோடு வந்தாள். பக்கத்தில் விழுந்து கிடந்த காகிதத்தைப் பார்த்தாள்.

“அக்கா, அது என் பேர்ல இருக்கு.”

“நாற்காலிக்குப் படிக்கத் தெரியும்னு நான் கண்டேனா.”

தங்கை குந்தி உட்கார்ந்து காகிதத்தின் மடிப்புகளை ஒவ்வொன்றாக நீவினாள். அவளுக்குக் கோபம் இருந்த மாதிரித் தெரியவில்லை. எட்டாக மடித்ததில்தான் வருத்தம்.

“இன்னைக்கு ஏன் கீழ வரைக்கும் போன? எப்பவும் ஒரு விரல் மேலதான இருப்ப.”

“உனக்குத் தெரியுமா?”

“சின்ன வயசுலேர்ந்து தெரியும். ஒரு விரல் இடைவெளி. சாயங்காலம் ஆனா அரை விரல், நீ களைச்சிடுவ.”

“ஏண்டி ஒரு வார்த்தை சொல்லல?”

“எல்லாருக்கும் தெரியும்னு நினைச்சேன்.”

இருபத்து மூன்று வெள்ளை தெரிகிற கண்ணுக்கு ஒரு விரல் தெரியாதா. அக்கா தரையில் இருந்தபடியே கொஞ்சம் அழுதாள், கொஞ்சம் திட்டினாள், உன்னை நிற்க விட்டார்கள் என்று ஒரு தடவை வாய்விட்டே சொன்னாள். நின்றால் கால் வலிக்கும் அக்கா என்றாள் தங்கை, அவ்வளவுதான் சொன்னாள். அப்புறம் டாக்டர் கேட்டதை அப்படியே கேட்டாள்.

“உனக்கு எப்படி உட்காரணும்?”

அக்கா ஒன்பது பேரையும் பார்த்தாள். நாற்பத்தாறு வருடப் பெயர் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது. எழுந்தாள், நாற்காலியைத் திருப்பிப் போட்டாள், புடவையை முழங்கால் வரை வழித்துக்கொண்டு குதிரையில் ஏறுவது போல இரண்டு பக்கமும் காலைப் போட்டாள், முகவாயை முதுகுச் சட்டத்தின் மேல் வைத்தாள், முன்னும் பின்னும் ஆடத் தொடங்கினாள். நாலு வயதில் அவள் அப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தாள். நாற்காலி கிரீச்சென்றது, நகரவில்லை. ஆடியபடியே பேரேட்டைப் பக்கம் இழுத்து, ‘அடுத்து யாரு’ என்று கேட்டாள். எப்போதும் போல் சிரித்துவைக்கவில்லை. சிரிப்பு வேலையோடு சேர்ந்தது இல்லை என்று அன்றுதான் அவளுக்குப் பட்டது.

அவளும் டாக்டரிடம் மூன்று தடவை போய்வந்தாள். தன் அறிக்கை மூன்று பக்கம், தங்கையுடையது நாலு பக்கம் என்பதில் அவளுக்கு இன்றுவரை குறை உண்டு. சனிக்கிழமைகளில் இப்போது நூலகத்து மாடியில் பதின்மூன்று பேர். அங்கேயும் தங்கை பேச்சைத்தான் அதிகம் கேட்கிறார்கள் என்று வீட்டுக்கு வந்து கணவரிடம் புலம்புகிறாள், நாற்காலியில் ஆடிக்கொண்டே. அவர் குளிர்பதனப் பெட்டிக்குப் போடுகிற எண்ணெயை அந்த நாற்காலியின் மூட்டுகளுக்கும் போட்டு வைத்திருக்கிறார். மருந்துக்கடைக்காரர் தைலப் புட்டிகளை மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டார். அந்தத் தெருவில் யார் வீட்டுக்கு யார் போனாலும் இப்போது வாங்க என்று சொன்ன கையோடு, எப்படிப் போடட்டும் என்று கேட்டுவிட்டுத்தான் நாற்காலியை இழுக்கிறார்கள்.