இரண்டு ஸீட் வண்டி

பல் டாக்டர் அந்த ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி நாலு வருஷம் ஆகிறது. அவர் மனைவி டீச்சர் அதில் ஒரு தடவைகூட ஏறியதில்லை.

"ஓடுற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் விலை இறங்கும்," என்பார் டாக்டர். "புது வண்டி வருஷா வருஷம் ஏறுது. ஓடாம வச்சிருந்தா நம்மளுதும் ஏறும், பாரு."

சொன்னதில் பாதி பலித்தது. புது வண்டியின் விலை தாறுமாறாக ஏறியது. இவர்களுடையது உறை போர்த்தியபடி ஷெட்டில் கிடந்தது. ஸீட்டின் பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்கவில்லை. நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் டாக்ஸிதான். ஒருமுறை, கடற்கரை வரை போகலாமா என்று டீச்சர் கேட்டாள்.

"போக முப்பது, வர முப்பது," என்றார் டாக்டர். அதன்பின் அவள் கேட்கவில்லை. ஆசை மட்டும் போகவில்லை.

விலை உச்சியில் இருக்கும்போதே தள்ளிவிடலாம் என்று இன்று பழைய கார் கடையிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்திருந்தார். மீட்டரில் நாற்பத்தொரு கிலோமீட்டர். டாக்டர் முகத்தில் பெருமை வழிந்தது. மெக்கானிக் குனிந்து டயரைத் தடவினார்.

"நின்ன இடத்துலயே ஒரு பக்கம் தட்டையாயிடுச்சு சார். பேட்டரியும் போச்சு. ரப்பரெல்லாம் காஞ்சு கெடக்கு. மாசம் ஒரு தடவை ஓட்டியிருந்தாக்கூட இவ்வளவு விலை இறங்கியிருக்காது."

ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்லும் டாக்டரின் வாய் தானாகவே பிளந்தது.

மெக்கானிக் வேறு பேட்டரியை மாட்டி, டயருக்குக் காற்றடித்தார். "கொஞ்ச தூரம் ஓட்டிப் பாத்துதான் கடைசி விலை சொல்லணும். வீட்டாளு ஒருத்தர் கூட வாங்க."

டாக்டர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வருவதற்குள் டீச்சர் ஏறி பெல்ட்டையும் மாட்டிவிட்டாள். இருப்பதே இரண்டு ஸீட்.

"நீ எதுக்கு?"

"நீங்க வந்தா வழியெல்லாம் விலை பேசுவீங்க. அவர் எஞ்சின் சத்தத்தைக் கேக்க வேணாமா?"

மெயின் ரோட்டில் வண்டி சீறியதும் அவள் முதுகு ஸீட்டோடு ஒட்டிக்கொண்டது. தட்டை டயர் தடதடத்தது, பிளாஸ்டிக் சரசரத்தது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கூடவே நாலு வருஷக் கோபமும்.

திரும்பி வந்தபோது டாக்டர் கேட்டைப் பிடித்தபடி நின்றிருந்தார். மெக்கானிக் இறங்கப் போனார். டீச்சர் பெல்ட்டைக் கழற்றவில்லை.

"பின்னாடி ஏதோ சத்தம் கேட்டுச்சே."

"எனக்குக் கேக்கலையே மேடம்."

"எனக்குக் கேட்டுச்சு. கடற்கரை ரோட்டுல ஓட்டிப் பாத்தா தெரிஞ்சிடும்."

மெக்கானிக் அவள் முகத்தைப் பார்த்தார். மறுபடி எஞ்சினைக் கிளப்பினார்.

"இன்னும் எத்தனை கிலோமீட்டர்?" என்று டாக்டர் பதறினார்.

"போக முப்பது, வர முப்பது," என்றாள் டீச்சர்.